சிங்க் கட்டிங் மூலையில் ஸ்ட்ரெஸ் ஏன் ஏறிக்கொண்டே போகிறது? எட்ஜ் மெஷ் அடர்த்தி பற்றி ஒரு விளக்கம்

பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியிலோ, செட்டிக்கரையில் இருக்கும் தர்மபுரி அரசு பொறியியல் கல்லூரியிலோ படித்துவிட்டு ஓசூர் பக்கம் டிசைன் வேலைக்குப் போகிறவர்கள் சீக்கிரமே முட்டிக்கொள்ளும் குழப்பம் ஒன்று உண்டு. ஒரே பாகம், ஒரே மெட்டீரியல், ஒரே லோடு. மெஷ்ஷை (கணினிக் கணக்குக்காகப் பாகத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் வலையை) மட்டும் மாற்றினால் ஸ்ட்ரெஸ் (பாகத்துக்குள் எழும் தகைவு) வேறு எண்ணாக வருகிறது, இன்னும் பொடியாக்கினால் இன்னும் ஏறுகிறது. அப்படியென்றால் எந்த எண்ணை ரிப்போர்ட்டில் எழுதுவது?

இதற்கு "மெஷ்ஷை நல்லா ஃபைன் பண்ணுங்க" என்று பதில் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. அது பாதி பதில்கூட இல்லை. எங்கே பொடியாக்குவது, எங்கே விட்டுவிடுவது, எங்கே எவ்வளவு பொடியாக்கினாலும் பிரயோஜனமில்லை என்ற மூன்றும் தெரிந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. அந்த மூன்றையும் கையாள நமக்கு இருக்கும் முக்கியமான பிடி எட்ஜ், அதாவது மாடலின் விளிம்புக் கோடுகள்.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொருளையே எடுத்துக்கொள்வோம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கிரானைட் இல்லாத சமையலறை மேடை குறைவு. மேடைக்கல்லில் சிங்க்குக்காகச் செவ்வகமாக வெட்டி எடுப்பார்கள். வெட்டிய பிறகு சிங்க்குக்கும் மேடையின் முன் விளிம்புக்கும் நடுவே சில அங்குல அகலத்தில் ஒரு பட்டைதான் மிஞ்சும். கல் விரிசல் விட்டால் பெரும்பாலும் அந்தப் பட்டையில், அதுவும் கட்டிங்கின் மூலையில்தான் விடும். 3 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம், 20 மி.மீ. தடிமன் உள்ள கல் வெட்டுவதற்கு முன் கிட்டத்தட்ட நூறு கிலோ. அதை யாரும் படுக்கவைத்துத் தூக்க மாட்டார்கள், நிறுத்தித்தான் தூக்குவார்கள். அப்படி நிறுத்தி இரண்டு முனையிலும் பிடித்துத் தூக்கும்போது கட்டிங் மூலையில் எவ்வளவு இழுவிசை ஸ்ட்ரெஸ் வருகிறது என்பதுதான் நம் கணக்கு.

அடிப்படை: மெஷ் என்பது என்ன, எட்ஜ் ஏன் முதலில்

ஃபைனைட் எலிமென்ட் முறையில் பாகத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு துண்டும் ஓர் எலிமென்ட், துண்டுகள் சந்திக்கும் புள்ளிகள் நோடுகள், மொத்த வலையும் மெஷ். மென்பொருள் கணக்கிடுவது நோடுகளின் இடப்பெயர்ச்சியைத்தான். ஸ்ட்ரெஸ் அதிலிருந்து பிறகு வருவிக்கப்படுகிறது. இந்த முறைக்கு 'ஃபைனைட் எலிமென்ட்' என்ற பெயரை 1960-ல் வைத்தவர் ரே கிளஃப். அதற்கு முன்பே 1956-ல் டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகிய நால்வரும் விமானக் கட்டமைப்புகளுக்காக இதே வழியை எழுதிவிட்டார்கள்.

ஓர் எலிமென்ட்டுக்குள் இடப்பெயர்ச்சி எப்படி மாறலாம் என்பதற்கு ஒரு வரம்பு இருக்கிறது. சாதாரண நான்கு நோடு எலிமென்ட்டுக்குள் அது ஏறக்குறைய நேர்கோடாகத்தான் மாற முடியும். ஸ்ட்ரெஸ் நிதானமாக மாறும் இடத்தில் பெரிய எலிமென்ட்டே போதும். சட்டென்று ஏறும் இடத்தில் பெரிய எலிமென்ட்டைப் போட்டால் அந்த ஏற்றத்தை அது வழித்துச் சமமாக்கிவிடும்.

இங்கே பலர் செய்யும் தவறு, லோடு அதிகமான இடத்தில் மெஷ்ஷைப் பொடியாக்குவது. 2017 நவம்பரில் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையின் ஷட்டர் ஒன்று உடைந்தபோது அணை ஷட்டர்களின் பலம் பற்றி ஊரே பேசியது. அதன் காரணத்தை அலசுவது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை, ஆனால் ஷட்டர் நல்ல உதாரணம். 6 மீட்டர் ஆழத் தண்ணீரைத் தாங்கும் ஓர் இரும்புத் தகட்டின் அடியில் அழுத்தம் சுமார் 59 கிலோபாஸ்கல், மேலே பூஜ்யம். அதற்காக அடிப்பகுதி முழுவதையும் பொடியாக்க வேண்டியதில்லை. நேர்கோடாக ஏறும் அழுத்தத்தைப் பெரிய எலிமென்ட்டே சரியாக ஏற்றுக்கொள்ளும். பொடியாக்க வேண்டியது தகட்டின் பின்னால் வலுக்கம்பிகள் வெல்டு ஆகும் கோடுகளில், தாங்கிகளின் ஓரங்களில், ஓட்டைகளைச் சுற்றி. லோடு எவ்வளவு என்பதைவிட ஸ்ட்ரெஸ் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதுதான் மெஷ் அடர்த்தியைத் தீர்மானிக்கிறது.

சரி, எட்ஜ் ஏன் முதலில்? பெரும்பாலான மெஷ் மென்பொருள்கள் வேலை செய்யும் வரிசை இதுதான்:

1. முதலில் எட்ஜ்களின் மேல் நோடுகளை வைக்கும்.
2. அந்த நோடுகளை வேலியாக எடுத்துக்கொண்டு முகப்பரப்பை நிரப்பும்.
3. திடப்பொருளாக இருந்தால், முகப்பரப்பு மெஷ்ஷிலிருந்து உள்ளே போய்க் கன அளவை நிரப்பும்.

முதல் படியில் வைத்த இடைவெளிதான் மற்ற இரண்டுக்கும் போகிறது. எட்ஜ்ஜில் 15 மி.மீ. இடைவெளி விட்டுவிட்டு அதை ஒட்டிய பரப்பில் 2 மி.மீ. எலிமென்ட் வேண்டும் என்றால் நடக்காது.

எட்ஜ்ஜுக்கு எண் கொடுக்கும் வழிகள்

மொத்த மாடலுக்கும் ஒரு பொது அளவு கொடுப்பதுதான் தொடக்கம். அதன் மேல் குறிப்பிட்ட எட்ஜ்களுக்குத் தனியாகக் கொடுப்பது பொது அளவை மீறி நிற்கும். மென்பொருளுக்கு மென்பொருள் பெயர் மாறும்: அபாகஸில் இதை சீட் என்பார்கள், ஆன்சிஸில் எட்ஜ் சைஸிங், ஹைப்பர்மெஷ்ஷில் எட்ஜ் டென்சிட்டி, ஜிமெஷ்ஷில் டிரான்ஸ்ஃபைனைட் கர்வ். பெயர்தான் வேறு வேறு, உள்ளே இருப்பது நான்கு வகைதான்.

1. எலிமென்ட் நீளம். "இந்த எட்ஜ்ஜில் ஒவ்வொன்றும் 3 மி.மீ." என்பது. பின்னால் டிசைன் மாறி எட்ஜ் நீண்டாலும் எலிமென்ட் அளவு மாறாது.

2. எண்ணிக்கை. "இந்த எட்ஜ்ஜில் 12 எலிமென்ட்" என்பது. வளைவுகளுக்கும் தடிமன் எட்ஜ்களுக்கும் இதுதான் வசதி. ஜிமெஷ் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே டிரான்ஸ்ஃபைனைட்டில் கொடுப்பது நோடுகளின் எண்ணிக்கை. 12 எலிமென்ட் வேண்டுமென்றால் 13 என்று கொடுக்க வேண்டும்.

3. வளைவைப் பார்த்துத் தானாகப் பிரிப்பது. வட்டத்தை நேர்கோடுகளால் பிரிக்கும்போது கோட்டுக்கும் வில்லுக்கும் நடுவே எவ்வளவு விலகல் அனுமதி என்று சொல்வது. அபாகஸில் இதன் இயல்பு மதிப்பு 0.1, அதற்கு ஒரு முழு வட்டத்துக்குச் சுமார் 8 எலிமென்ட் வரும். 20 மி.மீ. விட்டமுள்ள ஓட்டைக்கு 8 எலிமென்ட் போட்டால் கோடு வட்டத்திலிருந்து 0.76 மி.மீ. உள்ளே விலகும், 16 போட்டால் 0.19, 24 போட்டால் 0.09 அளவுக்குக் குறையும். வடிவம் தெரிய 8 போதும், ஓட்டையின் ஓரத்து ஸ்ட்ரெஸ் வேண்டுமென்றால் போதவே போதாது. இயல்பு மதிப்பை அப்படியே விட்டுவிட்டு ஓட்டையோர ஸ்ட்ரெஸ்ஸை எழுதித் தருவதை நான் பலமாக எதிர்க்கிறேன்.

4. பயாஸ். ஒரு முனையில் நெருக்கமாகத் தொடங்கி மறுமுனைக்குப் போகப் போக இடைவெளியைப் பெரிதாக்குவது. இரண்டு முனையும் நெருக்கமாகவும் நடுவில் அகலமாகவும் வேண்டுமென்றால் இரட்டை பயாஸ்.

முதல் மூன்றும் எளிது. நான்காவதில்தான் கால் இடறுகிறது.

பயாஸ் கணக்கு

மேடைக்கல்லுக்கு வருவோம். கட்டிங்கின் நீளவாக்கு எட்ஜ் 500 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முனையிலும் மூலை, அங்கேதான் ஸ்ட்ரெஸ் வேகமாக மாறும். நடுவில் அமைதி. ஆக இரட்டை பயாஸ்: ஒரு பாதி 250 மி.மீ., அதன் கண்ணாடிப் பிம்பம் மறுபாதி.

மூலையில் சுமார் 2.5 மி.மீ. எலிமென்ட் வேண்டும், அடுத்தடுத்த எலிமென்ட் முந்தையதைப் போல 1.2 மடங்குக்கு மேல் வளரக் கூடாது என்று முடிவு செய்கிறோம். இதை பெருக்குத் தொடராகக் கூட்டினால் பாதிக்கு 17 எலிமென்ட் வருகிறது. மிகச் சிறியது 2.36 மி.மீ., மிகப் பெரியது சுமார் 43.6 மி.மீ. முழு எட்ஜ்ஜுக்கும் 34 எலிமென்ட். அதே 2.36 மி.மீ. அளவை எட்ஜ் முழுக்கச் சீராகப் போட்டிருந்தால் 212 வந்திருக்கும். மூலையில் கிடைக்கும் நுட்பம் இரண்டிலும் ஒன்றுதான், எட்ஜ்ஜில் எலிமென்ட் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. இதுதான் பயாஸின் லாபம்.

இப்போது இந்த 17 எலிமென்ட்டை மென்பொருளுக்கு எப்படிச் சொல்வது? அபாகஸும் ஆன்சிஸும் பயாஸ் எண்ணாகக் கேட்பது மிகப் பெரிய எலிமென்ட்டை மிகச் சிறியதால் வகுத்த விகிதம். நம் கணக்கில் அது 18.5. ஜிமெஷ்ஷின் ப்ரோக்ரெஷன் கேட்பதோ அடுத்தடுத்த இரண்டு எலிமென்ட்டுகளின் விகிதம், நம் கணக்கில் 1.2. இரண்டையும் இணைப்பது இந்தச் சூத்திரம்: அடுத்தடுத்த விகிதத்தை, எலிமென்ட் எண்ணிக்கையில் ஒன்று குறைத்த அடுக்குக்கு உயர்த்தினால் மொத்த விகிதம் கிடைக்கும். 1.2-இன் 16-ஆம் அடுக்கு 18.5.

இதை மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும்?

ஜிமெஷ்ஷில் 18.5 என்று கொடுத்தால் கடைசி எலிமென்ட் மட்டுமே 250-ல் 236 மி.மீ.யைத் தின்றுவிடும், மீதி எல்லாம் மூலையில் கண்ணுக்குத் தெரியாமல் நசுங்கிக் கிடக்கும். படம் பார்த்தவுடன் தவறு தெரிந்துவிடும், அதனால் பயமில்லை.

பயம் எதிர்த்திசையில்தான். ஆன்சிஸில் 1.2 என்று கொடுத்தால் மெஷ் ஏறக்குறைய சீராக வரும். மூலை எலிமென்ட் 2.36-க்குப் பதில் 13.4 மி.மீ.யாக இருக்கும். எந்த எச்சரிக்கையும் வராது, படம் அழகாக இருக்கும், சால்வர் (கணக்கைத் தீர்க்கும் பகுதி) ஓடி முடியும், ஸ்ட்ரெஸ்ஸும் அடக்கமாக வரும். அந்த அடக்கம் பொய். மூலையின் ஏற்றத்தை 13 மி.மீ. எலிமென்ட் வழித்துவிட்டது. மெஷ் போட்டவுடன் முனையில் இருக்கும் எலிமென்ட்டின் நீளத்தை அளந்து பார்ப்பது ஒரு நிமிட வேலை, அதை விடக் கூடாது.

பயாஸின் திசையும் இதே போலத்தான். எட்ஜ்ஜுக்கு ஒரு தொடக்க முனை, ஒரு முடிவு முனை உண்டு. வரைந்த திசையைப் பொறுத்து நெருக்கம் தவறான முனையில் போய் விழலாம். அபாகஸில் திருப்ப ஒரு பட்டன் உண்டு, ஜிமெஷ்ஷில் கர்வ் எண்ணுக்கு முன் மைனஸ் போட வேண்டும்.

எட்ஜ்கள் ஒன்றோடு ஒன்று மல்லுக்கட்டும்போது

நாம் கேட்ட எண்ணிக்கை அப்படியே வராமல் போவது அடிக்கடி நடக்கும். மென்பொருள் சொல்பேச்சு கேட்கவில்லை என்று தோன்றும், ஆனால் பெரும்பாலும் காரணம் வடிவியல்.

1. நான்கு பக்கமுள்ள பரப்பில் வரிசை வரிசையான மெஷ் வேண்டுமென்றால் எதிரெதிர் எட்ஜ்களில் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 34, எதிர்ப்பக்கம் 20 என்றால் வரிசை அமையாது.

2. பரப்பு முழுவதும் நாற்கரமாகவே வேண்டுமென்றால், எல்லை எட்ஜ்களின் மொத்தப் பிரிவுகள் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு நாற்கரத்துக்கும் நான்கு பக்கம், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பக்கமும் இரண்டு எலிமென்ட்டுக்குப் பொது. ஆக எல்லைக்கு மிஞ்சுவது எப்போதும் இரட்டைப்படைதான். ஒற்றைப்படை கொடுத்தால் எங்காவது ஒரு முக்கோணம் நுழையும், இல்லையென்றால் மென்பொருள் ஓர் எட்ஜ்ஜில் ஒன்றைக் கூட்டிவிடும். அந்த முக்கோணம் ஃபில்லெட்டுக்கு (மூலையை வளைவாக்கும் ஆரத்துக்கு) பக்கத்தில் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும், அதற்காக மணிக்கணக்கில் மல்லாட வேண்டாம்.

3. இரண்டு பரப்புகள் ஓர் எட்ஜ்ஜைப் பகிர்ந்துகொண்டால் அந்த எட்ஜ்ஜுக்கு ஒரே பிரிவுதான். பார்வைக்கு ஒட்டியிருந்தும் உண்மையில் இரண்டு தனி எட்ஜ்களாக இருந்தால், இரண்டு பக்கமும் வேறு வேறு பிரிவு விழும், நோடுகள் பொருந்தாது, லோடு அந்தக் கோட்டைத் தாண்டிப் போகாது. கேட் (CAD, கணினி வரைபட) மாடலை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது இது சகஜம். மெஷ் போடும் முன்பே இணைக்கப்படாத எட்ஜ்கள் எவை என்று நிறம் போட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட வேண்டும்.

4. கேட்டது வேண்டுகோளா, கட்டளையா என்ற கேள்வியும் இருக்கிறது. ஆன்சிஸில் சாஃப்ட் என்றால் பக்கத்து எட்ஜ்கள், வளைவுகளைப் பார்த்து மென்பொருள் மாற்றிக்கொள்ளலாம், ஹார்டு என்றால் மாற்றக் கூடாது. அபாகஸில் மூன்று நிலை: கூட்டலாம் குறைக்கலாம், கூட்ட மட்டும் செய்யலாம், தொடவே கூடாது. எல்லா எட்ஜ்ஜையும் கட்டளையாகப் பூட்டினால் மெஷ்ஷரால் பரப்பை நிரப்ப முடியாமல் நின்றுபோகும், இல்லையென்றால் சப்பி எலிமென்ட்டுகளைப் போட்டுத் தப்பிக்கும். முக்கியமான இரண்டு மூன்று எட்ஜ்களை மட்டும் பூட்டி, மற்றவற்றைத் தளர்வாக விடுவதே நல்லது.

எவ்வளவு பொடியாக்கினாலும் முடியாத மூலை

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். கட்டிங்கின் மூலையைக் கச்சிதமான 90 டிகிரியாக வரைந்து, மெஷ்ஷைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் ஸ்ட்ரெஸ் ஒருநாளும் நிற்காது. இதற்குக் காரணம் மென்பொருள் இல்லை. மீள்தன்மைக் கோட்பாட்டின்படியே, உள்நோக்கி மடியும் கூர்மையான மூலையில் ஸ்ட்ரெஸ் முடிவிலி. 1952-ல் வில்லியம்ஸ் இதைக் கணக்காகக் காட்டினார். உள்மூலை 90 டிகிரியாக வெட்டப்பட்ட தட்டில், தட்டின் தளத்திலேயே இழுவிசை இருக்கும்போது, எலிமென்ட் அளவை ஒவ்வொரு முறை பாதியாக்கும்போதும் மூலை ஸ்ட்ரெஸ் சுமார் 37 சதவீதம் ஏறும். நான்கு முறை பாதியாக்கினால் மூன்றரை மடங்கு. உங்கள் ரன்களில் இந்த 37 சதவீத ஏற்றம் வரிசையாகத் தெரிந்தால், அந்த எண்ணுக்கு அர்த்தம் தேடுவதை அங்கேயே நிறுத்திவிடலாம்.

தீர்வு மெஷ்ஷில் இல்லை, வடிவத்தில். நல்ல கட்டிங் ஆட்கள் மூலையில் முதலில் ட்ரில் போட்டு ஓர் ஓட்டை எடுத்துவிட்டு, அந்த ஓட்டை வரைக்கும் பிளேடை ஓட்டுவார்கள். மூலையில் ஓர் ஆரம் கிடைத்துவிடும். மாடலிலும் அதையே செய்ய வேண்டும். 10 மி.மீ. ஆரம் கொடுத்தால் கால்வட்டத்தின் நீளம் 15.7 மி.மீ. அதன் மேல் 7 எலிமென்ட் வைத்தால் ஒவ்வொன்றும் 2.2 மி.மீ. மேலே நேர் எட்ஜ்ஜில் பயாஸ் தொடங்கியது 2.36-ல். வளைவிலிருந்து நேர்கோட்டுக்கு மாறும் இடத்தில் அளவு எகிறாமல் ஒன்றோடொன்று கைகோர்க்கும். அந்த 2.5 மி.மீ.யைத் தேர்ந்தெடுத்ததே இதற்காகத்தான்: முதலில் ஃபில்லெட்டில் எத்தனை எலிமென்ட் என்று முடிவு செய்து, அதிலிருந்து பக்கத்து எட்ஜ்களின் தொடக்க அளவை எடுக்க வேண்டும்.

ஆரம் வந்தவுடன் ஸ்ட்ரெஸ்ஸுக்கு ஓர் உண்மையான உச்சம் வந்துவிடுகிறது. மெஷ்ஷைப் பொடியாக்கினால் அந்த உச்சத்தை நெருங்கிப் போய் நிற்கும்.

கிரானைட்டுக்கு இன்னொன்று: பார்க்க வேண்டியது வான் மீசஸ் ஸ்ட்ரெஸ் (எல்லாத் திசை ஸ்ட்ரெஸ்ஸையும் சேர்த்து ஒரே எண்ணாக்கியது) இல்லை. அது இரும்பு போல் வளைந்து கொடுக்கும் பொருளுக்கு. கிரானைட் நெருக்குவதில் நூறு மெகாபாஸ்கலுக்கு மேல் தாங்கும், இழுப்பதில் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். அதனால் மாக்சிமம் பிரின்சிபல் ஸ்ட்ரெஸ், அதாவது ஒரு புள்ளியில் எந்தத் திசையிலும் வரும் மிகப் பெரிய இழுவிசை ஸ்ட்ரெஸ்தான் பார்க்க வேண்டியது.

தடிமன் எட்ஜ், டைம் ஸ்டெப்

இதே கல்லைப் படுக்கவைத்து வளையும் கணக்கைத் திட எலிமென்ட்டில் போட்டால் 20 மி.மீ. தடிமனுக்கான எட்ஜ்களும் முக்கியமாகிவிடும். குறுக்கே ஒரே ஒரு சாதாரண எட்டு நோடு எலிமென்ட், முழு இன்டெக்ரேஷனோடு (எலிமென்ட்டுக்குள் எல்லாக் கணக்குப் புள்ளிகளையும் எடுத்து) போட்டால், அது வளைய மறுத்து விறைத்து நிற்கும். தொய்வு உண்மையைவிடக் குறைவாக வரும். தடிமன் எட்ஜ்ஜில் 3 அல்லது 4 எலிமென்ட் கொடுக்கலாம், இரண்டாம் படி எலிமென்ட் (பக்கங்களின் நடுவிலும் நோடு உள்ளது) எடுக்கலாம், ஷெல் மாடலுக்கே (தடிமனை வரையாமல் எண்ணாக மட்டும் கொடுக்கும் பரப்பு மாடல்) போய்விடலாம். மெல்லிய தகட்டுக்கு நான் ஷெல்லைத்தான் சொல்வேன்.

ஓசூரில் வண்டி பாகங்களுக்கு மோதல், விழுதல் சோதனைகளை எக்ஸ்ப்ளிசிட் சால்வரில் (நேரத்தைச் சின்னச் சின்ன அடியாக நகர்த்திக் கணக்கிடுவது) ஓட்டுகிறவர்களுக்கு எட்ஜ் அளவு இன்னொரு வகையில் தலைவலி. அங்கே டைம் ஸ்டெப், அதாவது ஒவ்வோர் அடியின் நேரம் என்பது மாடலின் மிகச் சிறிய எலிமென்ட்டை ஒலி அலை கடக்கும் நேரத்தைப் பொறுத்தது. இரும்பில் அலைவேகம் வினாடிக்குச் சுமார் 5000 மீட்டர். 1 மி.மீ. எலிமென்ட்டுக்கு 0.2 மைக்ரோ வினாடி, 0.1 மி.மீ.க்கு 0.02. யாரும் கவனிக்காத ஒரு மூலையில் கேட் மாடலின் மிச்சமாக 0.1 மி.மீ. எட்ஜ் ஒன்று கிடந்தால், அங்கே ஒரு குட்டி எலிமென்ட் விழுந்து மொத்த ஓட்டத்தையும் பத்து மடங்கு இழுக்கும். மெஷ் போடும் முன் எட்ஜ்களை நீளவாரியாக வரிசைப்படுத்தி, பொடி எட்ஜ்களைப் பக்கத்து எட்ஜ்ஜோடு சேர்த்துவிடுவது அவசியம்.

எப்போது நிறுத்துவது

மெஷ் போதுமா என்று தெரிந்துகொள்ள, குறைந்தது மூன்று மெஷ்ஷில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மாற்ற வேண்டியது மொத்த மாடலை இல்லை. முப்பரிமாண மாடலில் எல்லாவற்றையும் பாதியாக்கினால் எலிமென்ட் எண்ணிக்கை எட்டு மடங்காகும். ஃபில்லெட் எட்ஜ்ஜில் 7, 14, 28 என்று ஏற்றி, பக்கத்து எட்ஜ்களின் தொடக்க அளவையும் கூடவே பாதியாக்கினால் போதும். கடைசி இரண்டு ரன்களின் உச்ச ஸ்ட்ரெஸ் சில சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் நிறுத்தலாம்.

ஒரே ரன்னிலேயே பார்க்க ஒரு குறுக்கு வழியும் உண்டு. பக்கத்துப் பக்கத்து எலிமென்ட்டுகளின் ஸ்ட்ரெஸ்ஸைச் சராசரி எடுக்காமல் அப்படியே காட்டச் சொல்லுங்கள். நிறங்கள் எலிமென்ட் எல்லைகளில் வெட்டி வெட்டித் தெரிந்தால் அந்த இடத்தில் மெஷ் போதவில்லை. சராசரி எடுத்த படம் இதை மறைத்துவிடும், இயல்பாகக் காட்டுவதும் பெரும்பாலும் அதைத்தான்.

புதிதாகக் கற்கிறவர்கள் தங்கள் மெஷ் பழக்கத்தைச் சோதிக்க நடுவில் ஓட்டையுள்ள தட்டை எடுக்கலாம். ஓட்டையின் விட்டத்தைப் போலப் பத்து மடங்கு அகலமான தட்டை ஒரு திசையில் இழுத்தால், ஓட்டையோரத்தில் ஸ்ட்ரெஸ் இழுவையைப் போல மூன்று மடங்கை ஒட்டி வர வேண்டும். 1898-ல் கிர்ஷ் முடிவில்லாத தட்டுக்குக் கையால் போட்ட கணக்கு இது. வட்டத்துக்கு 8 எலிமென்ட், 16, 32 என்று மாற்றி, ஓட்டையிலிருந்து வெளியே போகும் எட்ஜ்களில் பயாஸோடும் இல்லாமலும் ஓட்டிப் பார்த்தால், எந்த எட்ஜ் எண் விடையை எவ்வளவு நகர்த்துகிறது என்பது ஒரே மதியத்தில் பிடிபடும். இலவசமான ஜிமெஷ்ஷும் கால்குலிக்ஸ் சால்வரும் இதற்குத் தாராளம், கல்லூரி லேப் திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.